மேல்வீட்டு அந்து

மே 29

கதவுக்கு ஆணி அடித்தாயிற்று. ஆசாரியைக் கூப்பிட்டால் குன்னூர் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிவான் என்று நானே அடித்தேன். கட்டைவிரல் நகம் கறுத்துவிட்டது. கறுக்கட்டும்.

பின் நடையின் கோடியில் உள்ள கதவு அது. திறந்தால் மரப்படி, ஏறினால் அக்கா வீடு. அப்பா வாங்கிய பழைய பங்களாவில் மேல்மாடி கெசியா அக்காவுக்கு, கீழ்த்தளம் எனக்கு. அவள் வெளியே போய்வர வீட்டின் பின்னால் தனியாகக் கல்படி இருக்கிறது. இந்த உள்படி எங்கள் இரண்டு பேருக்கு மட்டும்தான். சாயங்காலம் காபி அவள்தான் போடுவாள். போட்டதும் குடைக்கம்பால் தரையில் இரண்டு தட்டு. மேலே பலகைத் தளம் என்பதால் கீழே கணீரென்று கேட்கும். நான் ஏறிப் போய், சர்க்கரை அதிகம் என்று திட்டிக்கொண்டே குடித்துவிட்டு வருவேன். இனி அதுவும் இல்லை.

எல்லாம் அந்துப்பூச்சியால் வந்தது. பள்ளிக்கூடத்துக்குப் பின்னிக் கொடுக்க வேண்டிய மெரூன் ஸ்வெட்டர்களை நேற்று பீரோவிலிருந்து எடுத்தேன். பாதிக்கு மேல் ஓட்டை. பிரித்துத் திரும்பப் பின்ன வேண்டும். பீரோவில் அந்துருண்டை போட்டிருக்கிறேன், வேப்பிலை போட்டிருக்கிறேன், வாரம் ஒருமுறை வெயில் காட்டுகிறேன். பிறகும் வருகிறது என்றால் மேலேயிருந்துதான் வருகிறது. அங்கே அத்தான் ஏதோ துரை வீட்டு ஏலத்தில் எடுத்த காட்டெருமைத் தலை ஒன்று சுவரில் தொங்குகிறது. அத்தான் போய்ச் சேர்ந்து எத்தனையோ காலம் ஆயிற்று, தலை மட்டும் போகவில்லை. அதன் ரோமம் முழுக்கப் பூச்சி.

“அதைத் தூக்கிப் போடு”ன்னு சொன்னேன்.

“ஏட்டி, அது உங்க அத்தான் ஆசையா மாட்டுனது. தூக்கிப் போடச் சொல்லுதியா?”

“செத்த மாட்டுத் தலைய வச்சுக் கும்புடு. அதுல இருந்து எறங்குத பூச்சி என் பொழப்புல மண்ணப் போடுது.”

“ஒன் பொழப்பு, ஒன் கம்பளி. எப்பப் பாத்தாலும் இதே பேச்சு. இனிமே நீ பின்னுன ஒரு துணி என் மேல படாது, பாத்துக்கோ. கிறிஸ்மஸுக்குக் குடுத்தியே, அந்தச் சால்வையையும் யாருக்காவது தூக்கிக் குடுத்துருதேன்.”

அந்தச் சால்வை நான் என் கையால் சாயம் போட்ட மயில்நீலம். ஓரத்தில் கடுகு மஞ்சள். ஒரு குளிர்காலம் முழுக்க உட்கார்ந்து பின்னினேன். அவளுக்கு வாய்தான் எதிரி. எனக்கும் அப்படித்தான் என்று தெய்வானை சொல்வாள். தெய்வானை வீடு பெருக்கி, நூல் சுற்றிக் கொடுக்க வருகிறவள். அவளை யார் கேட்டது.

மே 31

இரண்டு மெரூன் முடிந்தது. மழை வரும்போல் இருக்கிறது, வரவில்லை.

சுவரில் இரண்டு கூடு ஊர்ந்தது. செருப்பால் அடித்தேன். இந்தப் பூச்சியைப் பற்றி என்னைக் கேட்டால் ஒரு பிரசங்கமே செய்வேன். அந்துப்பூச்சி ஒன்றும் தின்னாது, அதற்கு வாயே கிடையாது. தின்பது புழுதான். கம்பளி, ரோமம், இறகு, பூஞ்சணம், எது கிடைத்தாலும் தின்னும். தின்றது போக மிச்சத்தில் வெள்ளரி விதை அளவுக்கு ஒரு பை கட்டி, அதற்குள் இருந்துகொண்டே பையை இழுத்து ஊரும். எதைத் தின்றதோ பையும் அந்த நிறம். மெரூன் ஸ்வெட்டரைத் தின்றால் மெரூன் பை. கூட்டின் நிறத்தைப் பார்த்தே எந்தத் துணி போயிற்று என்று சொல்லிவிடுவேன். இன்று அடித்தது இரண்டும் கறுப்பும் பழுப்பும் கலந்த நிறம். காட்டெருமை. நான் சொன்னால் நம்பினாளா?

ஜூன் 2

மழை பிடித்துக்கொண்டது.

பால்காரர் சொன்னார்: “பெரியம்மா வியாழக்கிழமை ஊருக்குப் போறாங்களாமுங்க. பால் வேண்டாம்னுட்டாங்க.”

தெரிந்த விஷயம்தான். ஒவ்வொரு வருஷமும் மழைக்கு மூச்சிரைப்பு வரும் என்று ஜூனில் பாளையங்கோட்டைக்கு இறங்கிவிடுவாள். அத்தானின் தம்பி மகள் ஷீபா வீடு. செப்டம்பரில்தான் ஏறி வருவாள். வழக்கமாக என்னிடம் முதலில் சொல்வாள். இந்த வருஷம் பால்காரருக்கு முதல் மரியாதை.

ஜூன் 4

காலையில் மேலே தொம்மென்று ஒரு சத்தம். பெட்டி கட்டுகிறாள், கீழே போட்டுவிட்டாள் போலிருக்கிறது. இறக்கிவைக்க ஆள் கிடையாது, என்னையும் கூப்பிட மாட்டாள். படட்டும்.

கொஞ்ச நேரம் கழித்துத் தட்டினாள். காபி நேரம் கூட இல்லை. ஊருக்குப் போகுமுன் சமாதானம் பேசப் பார்க்கிறாள் என்று நினைத்தேன். வழக்கமான இரண்டு தட்டு மாதிரியும் இல்லை. ஒன்று, பிறகு நிறுத்தி ஒன்று. மறுபடி. குடைக்கம்பு மாதிரியும் கேட்கவில்லை. கதவுக்கு ஆணி அடித்த பிறகு தட்டினால் எப்படி வருவதாம்? பேச வேண்டுமென்றால் கல்படி இறங்கி வந்து வாயைத் திறந்து பேசட்டும். அவள் மூத்தவள், அவளே முதலில் பேசட்டும்.

மத்தியானமும் தட்டினாள். ரேடியோவைச் சத்தமாக வைத்தேன்.

மெரூன் ஒன்றுதான் முடிந்தது.

ஜூன் 5

போய்விட்டாள். பஸ் ஸ்டாண்டுக்குக் கூட்டிப்போக வழக்கமாக வரும் கார் சத்தம் கேட்கவில்லை. இந்த மழையில் யானை வந்தாலும் கேட்காது. ஜன்னல் வழியாக ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போனால் என்ன குறைந்துவிடும்? கர்வம் பிடித்தவள். எனக்கு அழுகை வந்தது. கோபத்தில் வந்த அழுகை.

ஜூன் 6

நடைக்கதவுக்குப் பின்னால் எலி. கதவின் அடியில் பிறாண்டுகிறது. ஆள் இல்லாத வீடென்றால் எலிக்குக் கொண்டாட்டம்தான். கதவை ஓங்கி ஒரு உதை உதைத்தேன். அடங்கியது. கொஞ்ச நேரத்தில் திரும்பவும் பிறாண்டியது.

கதவின் கீழிடுக்கு வழியாகக் குளிர்காற்றும் வருகிறது, பூச்சியும் வருகிறது. என் பழைய பழுப்பு கார்டிகனின் கையை வெட்டி இடுக்கில் அடைத்தேன்.

ஜூன் 7

அடைத்த துணியைக் காணோம். அந்தப் பக்கம் இழுத்துக்கொண்டு போயிருக்கிறது. எலியா பெருச்சாளியா தெரியவில்லை. நடையில் எலி மருந்து வைத்தேன். பெட்டியில் கிடந்த தட்டையான மரப் பட்டிக் கம்பு ஒன்றை எடுத்து இடுக்கை மறைத்து அடித்துவிட்டேன். அடிக்கும்போது அந்தப் பக்கம் ஏதோ முனகலாகக் கேட்டது. காற்று உள்படி வழியாக இறங்கினால் இந்த வீட்டில் அப்படித்தான் சத்தம் வரும். சின்ன வயதில் அதற்கே பயந்து அக்காவின் போர்வைக்குள் புகுந்துகொள்வேன்.

ஜூன் 9

சத்தம் நின்றது. மருந்து வேலை செய்திருக்கிறது.

மெரூன் நான்கு.

ஜூன் 22

ஞாயிறு. கோயிலில் போதகரின் மனைவி ஐயர் அம்மா கேட்டார்: “கெசியா எங்க, பாளையங்கோட்டை போயாச்சா?”

“போயாச்சே. அங்க வெயில்ல சுகமா உக்காந்திருப்பா”ன்னு சொன்னேன். சண்டையைப் பற்றிச் சொல்லவில்லை. சொன்னால் ஜெபக் குறிப்பில் சேர்த்துவிடுவார்கள்.

நடையில் நாற்றம். தெய்வானை மூக்கைப் பொத்திக்கொண்டு வந்தாள்.

“அம்மா, மருந்து வெச்சீங்கல்லங்க. உள்ளாற போயி செத்திருக்குது.”

“எலி செத்தா நாறத்தான செய்யும். பினாயில் ஊத்து.”

“ஆணியப் புடுங்கி எடுத்துப் போட்டுரலாமுங்களா?”

“வேண்டாம். காஞ்சு போயிரும்.”

நடைக்கு இந்தப் பக்கமுள்ள கதவையும் சாத்தி வைத்தேன். பீரோவை முன்னறைக்கு நகர்த்தினோம். நாற்றத்தில் பின்ன உட்கார முடியவில்லை.

ஜூலை 8

மழை. மூடுபனி. சுவரெல்லாம் பூஞ்சணம். உப்புக்கூடத் தண்ணீராக ஓடுகிறது. பள்ளிக்கூடத்துக்கு எல்லாவற்றையும் கொடுத்து முடித்தேன். அங்கே இருந்த வாத்தியாரம்மா, “தையல் ரொம்ப நெருக்கமா இருக்கு”ன்னு பாராட்டினார். வீட்டுக்கு வந்ததும் இதை யாரிடம் சொல்வது என்று தெரியவில்லை. வழக்கமாக இந்த மாதிரி சமாசாரத்தை அவளுக்குக் கடிதத்தில் எழுதிப் போடுவேன். இந்த வருஷம் எழுதவில்லை. அவளும் எழுதவில்லை. சரிக்குச் சரி.

நாற்றம் குறைந்திருக்கிறது.

ஜூலை 24

நடைக்கதவுக்கு மேலே சுவரில் ஒரு கூடு. மயில்நீலம்.

வெகுநேரம் பார்த்துக்கொண்டே நின்றேன். சுவரில் இருந்து எடுத்து வெளிச்சத்தில் வைத்தேன். என் நீலம்தான், சந்தேகமே கிடையாது. கடையில் அந்த நீலம் கிடையாது. அப்படியானால் யாருக்கும் கொடுக்கவில்லை, வைத்திருக்கிறாள்! உள்ளுக்குள் சந்தோஷமாக இருந்தது, மறைக்க என்ன இருக்கிறது. அடுத்த நிமிஷமே கோபம் வந்தது. ஊருக்குப் போகிறவள் மடித்து அந்துருண்டை போட்டு வைக்கக் கூடாதா? கண்ட இடத்தில் போட்டுவிட்டுப் போய் பூச்சிக்கு விருந்து வைத்திருக்கிறாள்.

இதை மட்டும் அடிக்கவில்லை. தீப்பெட்டிக்குள் போட்டு வைத்தேன். செப்டம்பரில் வருவாள் இல்லையா, கண் முன்னால் காட்ட வேண்டும்.

ஜூலை 30

மயில்நீலம் மூன்று, எல்லாம் தீப்பெட்டிக்குள். ஒன்றில் கடுகு மஞ்சள் ஒரு வளையம். ஓரத்துக்கும் வந்துவிட்டது.

எல்லாமே கதவுநிலைக்கு மேலிருக்கிற வெடிப்பு வழியாகத்தான் வருகின்றன. ஒன்றுகூட மேலே கூரைப் பலகையிலிருந்து இறங்கவில்லை. அவள் சால்வை அலமாரியில் அல்லவா இருக்கும்? அலமாரி என் முன்னறைக்கு நேர் மேலே. உள்படியில் காயப்போட்டிருப்பாளாக இருக்கும். மழை நாளில் அங்கே கொடி கட்டுவாள்.

ஆகஸ்ட் 5

தெய்வானை சுவர் பெருக்கும்போது ஒரு கூட்டை எடுத்து வந்தாள்.

“அம்மா, இது நூலில்லீங்க. முடி.”

பார்த்தேன். நீலத்துக்கு நடுவே வெள்ளை முடி, நுனியில் மருதாணிச் சிவப்பு. அக்கா மாதம் தவறாமல் மருதாணி வைப்பாள். அடியில் வெள்ளை வளர்ந்ததும் அவசரப்பட்டு அடுத்த தடவை வைப்பாள்.

“தலை சீவின முடியச் சுருட்டி மூலையில போடுவா. எத்தன தடவ சொல்லிருக்கேன்.”

தெய்வானை போகாமல் நின்றாள். “பெரியம்மா பஸ்ஸுல போறப்ப சால்வையில்லாம போவாங்களாங்க? போன வருஷம் ரெண்டு சால்வ போத்தியும் நடுங்கிட்டில்ல போனாங்க.”

“ஒன் வேலையப் பாரு.”

“பாக்கறனுங்க. ஒரு தடவ மேல போயிப் பாத்துட்டு வந்துருங்களேன்னுதான்.”

கத்திவிட்டேன். அவள் விளக்குமாற்றை வைத்துவிட்டுப் போய்விட்டாள். நாளைக்கு வருவாளோ மாட்டாளோ.

ஆகஸ்ட் 6

வரவில்லை.

தீப்பெட்டியைத் திறந்தேன். கூடுகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறி ஊர்கின்றன. மூடி வைத்தேன்.

ஆகஸ்ட் 9

இன்று மழை விட்டிருந்தது. கல்படியில் பாசி, பிடித்துப் பிடித்து ஏறினேன். சண்டைக்குப் பிறகு இப்போதுதான் ஏறுகிறேன். ஊருக்குப் போனால் பின்கதவில் பெரிய பூட்டு ஒன்று தொங்கும், அத்தான் வாங்கியது. பூட்டு இல்லை. தள்ளினேன். உள்பக்கம் தாழ்ப்பாள் போட்டிருக்கிறது.

முன்பக்கம் வழியாகப் போயிருப்பாள். மேலே முன்பக்கம் வழியே கிடையாது.

இறங்கி வந்துவிட்டேன். சாதம் வடித்தேன். சாப்பிடவில்லை.

ஆகஸ்ட் 10

பஜாரில் போன் பூத்துக்குப் போய் ஷீபாவுக்குப் போன் போட்டேன்.

“சித்தி! நல்லா இருக்கீங்களா? பெரியம்மாவுக்கு ஒடம்பு சரியில்லையா? இந்த வருஷம் வரல்லையே. ரெண்டு லெட்டர் போட்டேன், பதில் இல்ல. மலையிலயே மழைக்கு இருந்துட்டாங்கன்னு இவங்க சொன்னாங்க.”

“ஆமா”ன்னு சொன்னேன். ஏன் ஆமா என்று சொன்னேன் தெரியவில்லை. “இங்கதான் இருக்கா.”

“பக்கத்துல இருக்காங்களா? குடுங்களேன்.”

“இல்ல. வீட்ல இருக்கா.”

போனை வைத்துவிட்டேன். பூத்துக்காரப் பையன் மிச்சக் காசை நீட்டிக்கொண்டே நின்றான், வாங்காமல் வந்துவிட்டேன்.

அவள் வீட்டில்தான் இருக்கிறாள்.

ஆகஸ்ட் 11

தெய்வானை வீட்டுக்கு நானே போய்க் கூப்பிட்டேன். மன்னிப்புக் கேட்கவில்லை. “கெளம்பு”ன்னு மட்டும் சொன்னேன். என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சேலையைச் சொருகிக்கொண்டு வந்தாள்.

பட்டிக் கம்பு சுலபமாக வந்தது. ஆணிகள் வரவில்லை. அன்று கோபத்தில் அவ்வளவு ஆழம் இறக்கியிருக்கிறேன். ஈரத்தில் துரு வேறு. ஒவ்வொன்றும் பிடுங்கும்போது கத்துகிறது. தெய்வானை, “நான் புடுங்கறனுங்க, நீங்க உக்காருங்க” என்றாள். விடவில்லை. நான் அடித்தது நானே பிடுங்க வேண்டும்.

கதவு என் பக்கம் திறக்கும். திறந்ததும் அவள் என் காலடிக்குச் சாய்ந்தாள். கதவில் சாய்ந்தே உட்கார்ந்திருக்கிறாள், கடைசிப் படியில்.

தெய்வானை அலறினாள். 

முகத்தைப் பற்றி எழுத மாட்டேன். சால்வையை இறுக்கிப் போர்த்தியிருந்தாள். சால்வையில் அங்கங்கே வலை மாதிரி, மயில்நீலக் கூடுகள் அதன் மேல் ஊர்ந்துகொண்டிருந்தன. தலைமுடி பாதி இல்லை. வலது கை மடியில் கிடந்தது. இடது கைக்குள் என்னவோ இருந்தது. பழுப்பு நிறம். என் கார்டிகன் கை.

எலி இழுக்கவில்லை.

ஆகஸ்ட் 13

அடக்கம் முடிந்தது. ஷீபா வந்தாள். என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள், அதுதான் தாங்க முடியவில்லை. 

டாக்டர் சொன்னார், இவ்வளவு நாளுக்குப் பிறகு எதையும் உறுதியாகச் சொல்ல முடியாதாம். பக்கவாதம் வந்து விழுந்திருக்கலாம், ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு பேச்சும் போயிருக்கலாம் என்றார். மேலே கட்டிலருகில் பெட்டி பாதி கட்டிக் கிடந்தது. பின்கதவுத் தாழ்ப்பாள் உயரத்தில் இருக்கிறது, எழுந்து நிற்க முடியாதவளுக்கு எட்டாது. குடை மூலையில் சாத்தியே இருந்தது. அதையும் எடுக்க முடியாமல் கையால் தட்டியிருக்கிறாள். பிறகு ஒவ்வொரு படியாக உட்கார்ந்து உட்கார்ந்து இறங்கியிருக்கிறாள். கதவுக்கு ஆணி அடித்தது அவளுக்குத் தெரியும், மேலே இருந்துகொண்டு ஒவ்வொரு அடியையும் கேட்டிருப்பாள். இருந்தும் இறங்கி வந்திருக்கிறாள். நான் பிடுங்கிவிடுவேன் என்று நினைத்திருக்கிறாள்.

போலீஸ்காரர் மரியாதையாகத்தான் கேட்டார். “ஏதாவது சத்தம் கேட்டுச்சுங்களாம்மா?”

“மழைங்க”ன்னு சொன்னேன். “எலின்னு நெனச்சேன்.”

எழுதிக்கொண்டார். தெய்வானை என்னைப் பார்த்தாள், பிறகு வெளியே பார்த்தாள். மூன்றாம் நாள் பிறாண்டினது எலி என்றுதான் நினைத்தேன், அது பொய்யில்லை. முதல் நாள் தட்டினது அவள் என்று எனக்குத் தெரியும். அதை நான் அவரிடம் சொல்லவில்லை.

ஆகஸ்ட் 30

காட்டெருமைத் தலையை என்ன செய்வது என்று ஷீபா கேட்டாள். “இருக்கட்டும்”ன்னு சொன்னேன். கதவைக் கழற்றிவிட்டேன். இப்போது நடைக்கும் படிக்கும் நடுவே ஒன்றும் இல்லை. குளிர் நேராக முன்னறை வரை வருகிறது.

பின்னவில்லை. கம்பளி முழுவதும் பீரோவில் கிடக்கிறது. அந்துருண்டை கரைந்து போயிற்று, புதிது போடவில்லை.

செப்டம்பர் 7

இன்று காலை தீப்பெட்டி ஞாபகம் வந்தது. திறந்தேன். நீலக் கூடுகள் எல்லாம் காலி. ஒவ்வொன்றின் வாயிலும் மெல்லிய தோல் நீட்டிக்கொண்டிருந்தது. ஒரே ஒரு பூச்சி மட்டும் பெட்டியின் மூலையில் இருந்தது. வைக்கோல் நிறம், சிறகில் கறுப்புப் புள்ளி. பார்க்க ஒன்றுமே இல்லாத பூச்சி. செருப்பு கையெட்டும் தூரத்தில்தான் கிடந்தது.

பறக்கவில்லை, ஓடியது. மேஜையில் ஓடி, நாற்காலியில் ஓடி, பீரோவின் இடுக்குக்குள் போயிற்று. பீரோக் கதவை அதற்காகக் கொஞ்சம் திறந்து வைத்தேன்.